ராடி பைப்பர்: அடி விழுவதற்கு முந்தைய நொடி

தொழில்முறை ரெஸ்லர் ராடி பைப்பரைப் புதிதாகப் பார்க்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனத்தின் ஆண்டுப் பெருநிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் முதலாவதைத்தான் முதலில் போடுகிறார்கள். அது வேண்டாம். அது அன்றைய நாயகன் ஹல்க் ஹோகனுக்காகக் கட்டப்பட்ட இரவு. பைப்பர் எப்படிப்பட்ட கைக்காரர் என்பது அங்கே பாதிதான் தெரியும். எட்டாவது ரெஸில்மேனியாவில் தொடங்குங்கள். 1992 ஏப்ரல் 5, இண்டியானாபொலிஸ் ஹூசியர் டோம், எதிரே பிரெட் ஹார்ட். ஏறக்குறைய 14 நிமிடம்தான்.

பின்னணி கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும். அதே ஆண்டு ஜனவரி 19 அன்று ராயல் ரம்பிளில் மவுண்டியைத் தோற்கடித்துப் பைப்பர் இன்டர்கான்டினென்டல் பெல்ட்டை, அதாவது பட்டத்தை, வாங்கியிருந்தார். டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பில் காலடி வைத்து எட்டு வருடம் கழித்து அங்கே அவருக்குக் கிடைத்த முதல் பட்டம் அது. பிரெட்டும் நல்லவர், பைப்பரும் அப்போது நல்லவர். இரண்டு பேபிஃபேஸ்கள், அதாவது கதைப்படி நல்லவர்கள், மோதும்போது வழக்கமாக வரும் சிக்கல், கூட்டம் யார் பக்கமும் சாயாமல் ஆறிப்போவது. அதைத் தவிர்க்க ஒருவர் கொஞ்சம் கெட்டவராக வேண்டும். பைப்பர் அதைச் சொட்டுச் சொட்டாகச் செய்கிறார். பிரெட் உள்ளே வரக் கயிற்றைப் பிடித்துக் கொடுக்கிறார். பிரெட் ஷூ கயிற்றைக் கட்டக் குனிகிறார். அந்த நேரத்தில் கீழிருந்து ஒரு குத்து. மரியாதையும் துரோகமும் ஒரே அசைவின் இரண்டு பாதிகளாக வருகின்றன.

பிறகு பிரெட்டின் நெற்றியில் ரத்தம். அந்தக் காலத்தில் அங்கே வேண்டுமென்றே ரத்தம் வரவைப்பது தடை. தானே கீறிக்கொண்டு, தற்செயலாகப் பட்டதுபோலக் காட்டியதாக பிரெட் பின்னாளில் எழுதியிருக்கிறார். அதே இரவில் ரிக் ஃபிளேர் அதே காரியத்தைச் செய்து மாட்டிக்கொண்டார். வித்தியாசம் எங்கே என்று தெரிய வேண்டுமானால் இரண்டு மேட்சையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

ரெஃப்ரி மயங்கிக் கிடக்கும்போது பைப்பர் ரிங் மணியை எடுத்து வருகிறார். இதுதான் அவருடைய முழு வாழ்க்கையின் சாரம் இருக்கும் இடம். மணியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டு நிற்கிறார். கூட்டத்தைப் பார்க்கிறார், பிரெட்டைப் பார்க்கிறார், மறுபடி கூட்டத்தைப் பார்க்கிறார். வர்ணனையில் பாபி ஹீனன் அடி அடி என்று கெஞ்சுகிறார். பைப்பரின் முகத்தை மட்டும் கவனியுங்கள். பழைய வில்லன் பைப்பரும் புதிய நல்ல பைப்பரும் அங்கே சண்டை போடுகிறார்கள். ஒரு வார்த்தை கிடையாது. மணியைத் தூக்கி எறிந்துவிட்டு, பின்னாலிருந்து கழுத்தை வளைக்கும் ஸ்லீப்பர் பிடி போடுகிறார்.

முடிவு அந்தப் பிடியிலிருந்தே வருகிறது. நிஜமான ஸ்லீப்பரில் புஜமும் முன்கையும் கழுத்தின் இரு பக்கமும் ஓடும் ரத்தக்குழாய்களை அழுத்தும். ரிங்கில் அதையே தளர்வாகப் போட்டு, எதிராளி மூச்சு விட இடம் கொடுப்பார்கள். இந்தப் பிடிக்கு ஒரு பலவீனம் உண்டு: போடுகிறவர் பின்னால் நிற்கிறார், அவர் எடை முழுக்கப் பின்பக்கம். எதிராளியின் காலுக்கு எதிரே ஏதாவது ஊன்று கிடைத்தால் இருவரும் பின்னால் சாய்வார்கள். பைப்பர் மூலைக்குப் பக்கத்தில் நின்று பிடிக்கிறார். பிரெட் மூலையில் கயிறுகளைப் பிணைக்கும் டர்ன்பக்கிளில் காலை வைத்து ஏறி உதைக்கிறார். இருவரும் மல்லாந்து விழ, பிரெட் மேலே, பைப்பரின் தோள்கள் கீழே. பிடியை விட்டிருந்தால் பைப்பர் தப்பியிருப்பார். விட மனசில்லாததால் ஒன்று, இரண்டு, மூன்று. தோற்றவர் குணத்தால் தோற்கிறார், பலவீனத்தால் அல்ல. இப்படி ஒரு முடிவு எழுதுவது அவ்வளவு சுலபமில்லை. 1996 சர்வைவர் சீரிஸில் ஸ்டீவ் ஆஸ்டினுக்கு எதிராக பிரெட் அதே முடிவைத் திரும்ப எடுத்து ஆடினார். பொருத்திப் பார்க்க நல்ல ஜோடி.

இங்கிருந்து பின்னோக்கிப் போங்கள். 1984, பைப்பர்ஸ் பிட். மேட்ச் அல்ல, பேட்டி நிகழ்ச்சி. விருந்தினரை அழைத்து, பேசவிடாமல் பேசி, கடைசியில் கைகலப்பில் முடிப்பது. ஜிம்மி ஸ்னூகா வந்த பகுதியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஸ்னூகா பிஜித் தீவுக்காரர் என்பதைக் கிண்டல் செய்ய அன்னாசி, வாழைப்பழம், தேங்காய் எல்லாம் மேசையில் பரப்பி வைத்திருக்கிறார். அப்புறம் தேங்காயை எடுத்து மண்டையில் ஓங்கி ஒரு அடி. ஸ்னூகா விழும்போது பின்னால் இருந்த செட்டும் சேர்ந்து சரிகிறது. உரித்த முற்றிய தேங்காயின் ஓடு எவ்வளவு கெட்டி என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்லில் ஓங்கி அடித்தாலே சில சமயம் இரண்டு மூன்று தடவை ஆகும்.

ஆனால் அடியைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அதற்கு முந்தைய பேச்சைத் திரும்பப் பாருங்கள். பைப்பர் வேகமாகப் பேசுகிறார், ஸ்னூகா அதிகம் பேசாதவர். ஒவ்வொரு பழமாக எடுத்து நீட்டும்போதும் அவர் பொறுமை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பைப்பர் ஓரக்கண்ணால் அளக்கிறார். எதிராளியைக் கேட்கத் தெரிந்தவர்தான் அப்படிப் பேச முடியும். அவரைப் பார்த்துப் பேட்டி நிகழ்ச்சி தொடங்கிய பலரிடம் வாய் மட்டும் இருந்தது, காது இல்லை. இந்தக் கிண்டலில் இனம் சார்ந்த இழிவு இருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. ஹீல், அதாவது வில்லன் பாத்திரம் என்றாலும் அது உறுத்தத்தான் செய்கிறது.

அந்த நிகழ்ச்சி பிறந்ததற்கே ஒரு காயம் காரணம். 1983 நவம்பர் 24, கிரீன்ஸ்பரோ, வேறொரு நிறுவனத்தின் பெருநிகழ்ச்சியான ஸ்டார்கேடின் முதல் பதிப்பு. கிரெக் வாலன்டைனுடன் டாக் காலர் மேட்ச்: இருவர் கழுத்திலும் தோல் பட்டை, இரண்டையும் இணைத்து நீளமான இரும்புச் சங்கிலி. தொடக்கத்தில் இருவரும் எதிர் எதிர் மூலைக்குப் போய்க் கழுத்தாலேயே இழுத்துப் பார்க்கிறார்கள். கயிறிழுக்கும் போட்டி மாதிரி இருக்கும் அந்த முப்பது நாற்பது விநாடியிலேயே சங்கிலி எவ்வளவு கனம் என்று கூட்டத்துக்குப் புரிந்துவிடுகிறது. நல்ல மேட்சில் ஆயுதத்தை முதலில் அறிமுகம் செய்துவிட்டுத்தான் பயன்படுத்துவார்கள்.

சங்கிலியை வைத்து ஆடுவதில் பெரிய ஆபத்து அதை அடக்க முடியாது என்பதுதான். நாற்காலியை எவ்வளவு வேகத்தில், எந்தக் கோணத்தில் இறக்குவது என்று கை தீர்மானிக்கும். சங்கிலி வீசும்போது நுனி தன் இஷ்டத்துக்குச் சுழலும், பிடித்திருக்கும் இடத்தைவிட நுனி பல மடங்கு வேகமாக வரும். பைப்பரின் இடது காது ஏற்கெனவே கதைப்படி அடிபட்ட காது. வாலன்டைன் அதையே குறிவைக்கிறார். அந்த இரவில் அந்தக் காதின் கேட்கும் திறன் பெருமளவு நிரந்தரமாகப் போய்விட்டதாகப் பைப்பர் பிறகு சொன்னார். நடு மேட்சில் அவர் நடை தள்ளாடுவதைக் கவனித்தால், எவ்வளவு நடிப்பு, எவ்வளவு நிஜம் என்று பிரிக்க முடியாது. கடைசியில் இரண்டாவது கயிற்றில் ஏறிய வாலன்டைனைச் சங்கிலியாலேயே கீழே இழுத்துப் போட்டு பின் செய்கிறார், அதாவது தோள்களைத் தரையில் மூன்று எண்ணும்வரை அழுத்தி ஜெயிக்கிறார். 2022இல் சி.எம். பங்க், எம்.ஜே.எஃப். மோதிய டாக் காலர் மேட்ச் இதற்குச் செலுத்திய கடன். இரண்டையும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் பழையதை முதலில் பாருங்கள்.

காது சரியாகாத நிலையில்தான் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.புக்கு வந்தார். அதனால் முதலில் ரிங்குக்கு வெளியே நின்று பால் ஆர்ன்டார்ஃப், டேவிட் ஷுல்ட்ஸ் போன்றவர்களுக்கு மேனேஜர் வேலை பார்த்தார். கையில் மைக் மட்டும் இருந்த அந்த மாதங்கள்தான் பைப்பர்ஸ் பிட்டை வளர்த்தன.

இப்போது முதல் ரெஸில்மேனியாவுக்கு வாருங்கள். அதற்கு முன் 1985 பிப்ரவரி 18 அன்று எம்டிவியில் வந்த ஹோகன், பைப்பர் மோதலை ஒரு முறை பார்த்துவிடுங்கள். பாடகி சிண்டி லாப்பரும் நடிகர் மிஸ்டர் டி-யும் ஏன் உள்ளே வந்தார்கள் என்பது அதில்தான் இருக்கிறது. மார்ச் 31 மேடிசன் ஸ்கொயர் கார்டன் மேட்சில் ஹோகனும் மிஸ்டர் டி-யும் ஒரு பக்கம், பைப்பரும் ஆர்ன்டார்ஃபும் மறுபக்கம். கவனிக்க வேண்டியது முடிவு: பைப்பரின் கூட்டாளி பாப் ஆர்டன் கையில் மாவுக்கட்டோடு மேலிருந்து குதித்துத் தவறுதலாக ஆர்ன்டார்ஃபை அடிக்கிறார், பின் ஆவது ஆர்ன்டார்ஃப். பைப்பர் நண்பனை ரிங்கிலேயே விட்டுவிட்டு நடையைக் கட்டுகிறார். ஹோகனிடம் அவர் தோள் தரையில் படவில்லை. அந்த ஆண்டு முழுக்க இப்படித்தான், டிஸ்குவாலிஃபிகேஷன் அல்லது குழப்பம். தோற்காத வில்லனைத்தான் ஜனம் திரும்பத் திரும்பக் காசு கொடுத்துப் பார்க்கும். 1992இல் பிரெட் பைப்பரைப் பின் செய்தது அவ்வளவு பெரிதானதும் இதனால்தான்.

இரண்டாவது ரெஸில்மேனியாவில் மிஸ்டர் டி-யுடன் நடந்த குத்துச்சண்டையை ஓட்டிவிடலாம். தோல்விக்குக் காரணம் தொழில்நுட்பம். ரெஸ்லிங் குத்தில் கை படும் நேரத்தில் காலைத் தரையில் அறைவார்கள், சத்தம் அங்கிருந்து வரும், விரல் எலும்பு முகத்தைத் தொட்டும் தொடாமலும் போகும். பெரிய கையுறை போட்டுக் குத்துச்சண்டை நிலையில் நின்றால் அந்த வித்தை எதுவும் செல்லாது, இடைவெளி அப்பட்டமாகத் தெரிகிறது. நான்காவது ரவுண்டில் பைப்பர் பொறுமை இழந்து அவரைத் தூக்கி அறைந்து டிஸ்குவாலிஃபை ஆனதுதான் அதில் உயிருள்ள ஒரே கணம். 1990இல் பேட் நியூஸ் பிரௌனுக்கு எதிராகப் பாதி உடம்பில் கறுப்பு வண்ணம் பூசி வந்ததையும் விட்டுவிடுங்கள். அது அன்றும் தவறு, மேட்சும் சப்பை.

1987 மார்ச் 29, போன்டியாக் சில்வர்டோம். ஓய்வுக்கு முந்தைய கடைசி மேட்ச் என்று முன்பே அறிவிக்கப்பட்டிருந்த ஆட்டத்தில் ஏட்ரியன் அடோனிஸைத் தோற்கடித்தார், தோற்றவருக்கு மொட்டை. திரைப்பட இயக்குநர் ஜான் கார்ப்பென்டர் பைப்பரைச் சந்தித்தது அந்த நிகழ்ச்சியை ஒட்டித்தான். அதன் பலன் 1988இல் வந்த 'தே லிவ்'. அதில் கீத் டேவிட்டுடன் சந்தில் நடக்கும் சண்டை ஐந்து நிமிடத்துக்கும் மேல் நீளும். ஒரு கறுப்புக் கண்ணாடியைப் போட்டுப் பார் என்கிறான் ஒருவன், மாட்டேன் என்கிறான் இன்னொருவன். அவ்வளவுதான் பிரச்சினை. பலர் இதை வெறும் நீளத்துக்காகப் பேசுகிறார்கள். அதன் கட்டுமானத்தைப் பாருங்கள், அச்சு அசல் ரெஸ்லிங் மேட்ச். அடி, ஓய்வு, சமாதானம் போல ஒரு பேச்சு, திரும்ப அடி. நடுவில் பைப்பர் ஒரு கார்க் கண்ணாடியை உடைத்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறார். அந்த நிறுத்தம் ஹூசியர் டோமில் மணியோடு நின்ற அதே நிறுத்தம். வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்த சண்டை அது. தன் உடம்பு விழும் எடையை அவர் முழுசாகத் தருகிறார், கீத் டேவிட்டும் அதே அளவு திருப்பித் தருகிறார். 2001இல் 'சவுத் பார்க்' தொடர் இதை அசைவுக்கு அசைவு நகலெடுத்தது.

தொலைக்காட்சிப் பாத்திரங்களில் எல்லாவற்றையும் தேட வேண்டாம். தொண்ணூறுகளில் 'ஹைலேண்டர்', 'வாக்கர், டெக்சாஸ் ரேஞ்சர்' போன்ற தொடர்களில் வந்து போனார். 1994 'ரோபோகாப்' தொடரில் கமாண்டர் கேஷ் என்ற பாத்திரம் சுவாரஸ்யம்: குழந்தைகளுக்குப் பொருள் விற்க நிறுவனம் உருவாக்கிய சூப்பர்ஹீரோ. மைக்கில் பேசியே கூட்டம் சேர்த்த ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

1996 ஸ்டார்கேடில் ஹோகனை ஸ்லீப்பரில் வீழ்த்தியதைப் பார்ப்பதா வேண்டாமா? முடிவை மட்டும் பாருங்கள். இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்த 42 வயது உடம்பு அது. பம்ப் எடுக்க, அதாவது முதுகு தட்டையாக விழ, இடுப்பு மடங்க வேண்டும். அது மடங்காதபோது எழுவதும் விழுவதும் தாமதமாகி மேட்ச் முழுக்க இழுக்கிறது. பட்டம் பணயத்தில் இல்லை என்பதும் சேர்ந்து வெற்றியின் காரத்தைக் குறைத்துவிட்டது. ஆனால் அதற்கு முந்தைய வாரங்களின் ப்ரோமோக்கள், அதாவது மேட்சுக்குச் சூடேற்றும் மைக் பேச்சுகள், வேறு தரம்.

2006 நவம்பரில் சைபர் சண்டே நிகழ்ச்சியில் ரிக் ஃபிளேருக்குக் கூட்டாளி யார் என்று ரசிகர்கள் ஓட்டுப்போட்டார்கள், பைப்பர் ஜெயித்தார், இருவரும் டேக் டீம் பட்டத்தையும் வாங்கினார்கள். அதே மாதம் பைப்பருக்கு ஹாட்ஜ்கின் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. இதைத் தெரிந்துகொண்டு அந்த மேட்சைப் பார்த்தால் ஃபிளேரின் கையைத் தட்டி உள்ளே வரும்போது பைப்பர் முகத்தில் இருக்கும் மகிழ்ச்சி வேறு மாதிரி படும்.

கடைசியாக, 2009இல் 'இட்ஸ் ஆல்வேஸ் சன்னி இன் ஃபிலடெல்ஃபியா' ஐந்தாவது சீசனில் அவர் நடித்த டா மேனியாக் என்ற பாத்திரம். காரில் குடியிருக்கும் நொடிந்துபோன ரெஸ்லர். 2013இல் அதே பாத்திரமாக மறுபடி வந்தார், 2015 ஜூலை 31 அன்று 61 வயதில் மாரடைப்பால் இறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு. நகைச்சுவைத் தொடர்தான், ஆனால் பைப்பர் ஒரு இடத்திலும் சிரிக்க வைக்க முயலவில்லை. எதிரில் இருப்பவரை முறைக்கிறார், ஒரு நொடி அதிகமாக முறைக்கிறார், அப்புறம்தான் பதில் சொல்கிறார். மற்ற நடிகர்கள் அந்த ஒரு நொடி என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பதுபோல் நிற்பதைப் பாருங்கள். பிட்டில் ஸ்னூகாவும் அப்படித்தான் நின்றார்.