சோலிக் கணக்கு

ஜூலை 8, திங்கள்

'மூச்சுவிட நேரமில்லை' என்பவரிடம் நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டால், நாலைந்து பெரிய வேலைகள்தான் நினைவுக்கு வரும். நாளைத் தின்றவை பெரும்பாலும் அவை அல்ல. ஆகவே எழுதிப் பார்க்க வேண்டும். சாதாரண நோட்டு போதும். காலை 5 முதல் இரவு 10 வரை அரைமணிக்கு ஒரு கட்டம், மொத்தம் 34. கை ஓடினால் 'கை', காத்திருந்தால் 'கா', பஸ்ஸிலும் பைக்கிலும் போனது 'அலை', சும்மா இருந்தது 'சு'. ஒரு வாரம் எழுதினால் போதும்.

ராத்திரி படுக்கப்போகும்போது மொத்தமாக எழுதினால் கணக்கு கெடும். சின்ன வேலைகள் அதற்குள் மறந்திருக்கும். சாப்பாட்டு வேளைகளில் எழுதிவிடுங்கள். அந்த வாரத்தில் எதையும் திருத்தவும் வேண்டாம். இருக்கிற நாள்தான் நமக்குத் தெரிய வேண்டும்.

ஜூலை 11, வியாழன்

இட்லி மாவை எடுத்துக்கொள்வோம். நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து. ஊற 4 மணி நேரம், கிரைண்டரில் ஏறக்குறைய 1 மணி, புளிக்க 8 மணி. பதின்மூன்று மணி நேரத்தில் கழுவிப்போடுவது, தள்ளிவிடுவது, வழிப்பது, கல்லைக் கழுவுவது எல்லாம் சேர்த்துக் கைவேலை ஒரு மணிக்குள்தான். ஆனால் ஊறப்போட்டவரின் மனசு பதின்மூன்று மணி நேரமும் அதிலேயே கிடக்கிறது. கரண்ட் போகுமோ, மாவு பொங்கி வழியுமோ என்ற நினைப்புதான் ஆளைச் சோர வைக்கிறது. நோட்டில் இதற்குக் கட்டமே கிடையாது.

2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்தவர்களில் பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். மனசுக்குள் சுமப்பது தனி.

இதைக் குறைக்க, வேலையை முழுதாகக் கைமாற்ற வேண்டும். "சொன்னா செய்வேம்லா" என்பது பாதிதான்; நினைவில் வைத்துச் சொல்லும் வேலை வீட்டுப் பெண்ணிடமே தங்கிவிடுகிறது. மாவு ஒருவர் பொறுப்பு என்றால் அரிசி தீர்வதைக் கவனிப்பதும் அவர் பொறுப்பு. முதலில் மாவு புளித்துக் கெட்டாலும் பரவாயில்லை, பொறுப்பை உடனே திரும்ப வாங்கிக்கொள்ளாதீர்கள்.

ஜூலை 14, ஞாயிறு

ஒரு நாளை எவ்வளவு நிரப்பலாம்? வரிசையில் நிற்பவர் எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்று பார்க்கும் வரிசைக் கணக்கில் இதற்குத் தெளிவான விடை இருக்கிறது. ஒரே ஆள் இருக்கும் ஜெராக்ஸ் கடை. ஒருவருக்குச் சராசரி 5 நிமிடம். ஆட்கள் முன்பின்னாக வருகிறார்கள், வேலையும் ஒருவருக்குக் கூட, ஒருவருக்குக் குறைய. கடைக்காரருக்குப் பாதி நேரம் வேலை இருந்தால், வருபவர் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பார். 80 சதவீதம் என்றால் 20 நிமிடம். 90 என்றால் 45. 95க்குப் போனால் 95 நிமிடம்.

கடைசி ஐந்து சதவீதத்தை நிரப்பியதில் காத்திருப்பு இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிவிட்டது! காலையில் சும்மா இருந்த பத்து நிமிடத்தை மதியக் கூட்டத்துக்கு எடுத்துவைக்க வழியில்லை என்பதே காரணம்.

நம் நாளும் அந்தக் கடைதான். போன் வரும், விருந்தாள் வருவார், கேஸ் தீரும். 34 கட்டத்தில் ஏழு கட்டத்தையாவது காலியாக விடுங்கள். ஏழு கட்டத்தையும் ராத்திரிக்கு ஒதுக்கினால் காலை பதினோரு மணிக்கு விழுகிற அடியைத் தாங்க ஒன்றும் இருக்காது. காலை 11 வாக்கில் இரண்டு, மாலை 4 வாக்கில் இரண்டு, மற்றவை வசதிப்படி. ஒன்றும் வராவிட்டால் திண்ணையில் உட்காருங்கள். அந்தக் கட்டத்தைப் போனுக்குக் கொடுத்துவிட்டால் அது காலிக் கட்டமே இல்லை.

ஜூலை 17, புதன்

அலைச்சல். திருநெல்வேலியில் டவுனும் ஜங்ஷனும் தாமிரபரணி ஆற்றுக்கு ஒரு கரை; வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், பாளையங்கோட்டை மறுகரை. வேலைகளைக் கரைவாரியாகப் பிரித்து, ஒரு நாளைக்கு ஒரு கரை என்று வைத்தால் இரு கரையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலத்து நெரிசலில் நிற்பது குறையும். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வேலைக்குப் போகிறவர் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி மாத்திரையையும் அன்றே வாங்கலாம். டவுன் ரதவீதிச் சாமான் இன்னொரு நாளைக்கு.

ஜூலை 19, வெள்ளி

ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவினால் மனசின் ஒரு பகுதி முந்தியதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதே. எழுந்திருக்கும் முன் ஒரே வரி எழுதுங்கள்: 'மின்கட்டணம் வரை கணக்கு எழுதியாயிற்று, அடுத்து பால் பாக்கி'. திரும்பி வந்து தேட வேண்டியதில்லை.

ஜூலை 22, திங்கள்

ஆடியில் கல்யாணம் இல்லை; ஆவணி முகூர்த்தங்களைத் தீர்மானிக்க இதுதான் நேரம். அம்பாசமுத்திரத்தில் காலை 9 மணி முகூர்த்தம் என்றால் திருநெல்வேலிக்காரருக்கு 6 மணி முதல் மதியம் 2 வரை, 16 கட்டங்கள். எல்லாக் கல்யாணத்துக்கும் அப்படிப் போக முடியாது. தாலி கட்டும்போது நிற்க வேண்டியவை எவை, முந்தின சாயங்காலம் தலையைக் காட்டினால் போதுமானவை எவை, மொய் கொடுத்தனுப்பலாம் என்பவை எவை என்று பத்திரிகையிலேயே குறித்துவையுங்கள்.

மறுப்பதைத் தெளிவாக மறுக்க வேண்டும். "சோலி கிடக்கு அண்ணாச்சி, பொறவு பாப்போம்" என்றால் அவர் இன்னும் மூன்று முறை கூப்பிடுவார். ஒவ்வொரு முறையும் இருவருக்கும் சங்கடம். "இந்த வாரம் முடியாது அண்ணாச்சி. வியாழக்கெழம சாயங்காலம் அஞ்சு மணிக்கு நானே போன் பண்ணுதேன்" என்று சொல்லி, அந்தக் கட்டத்தில் அவர் பெயரை உடனே எழுதிவிடுங்கள்.