ஐம்பதில் ஒரு கோடு

புதிதாக வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்தது ஒரே கணக்குதான்: லிட்டருக்கு எத்தனை கிராம்.

நாங்கள் தயாரித்தது ஓர் இணைப்புப் புரதம். புற்றுச் செல்லைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடி (இரண்டு கனச் சங்கிலி, இரண்டு இலேசான சங்கிலி கொண்ட புரதம்), அதன் இரண்டு கனச் சங்கிலிகளின் வால்முனையிலும் இன்டர்லூக்கின்-2 என்ற சமிக்ஞைப் புரதம். இன்டர்லூக்கினைத் தனியாக அதிக அளவில் செலுத்தினால் நோயெதிர்ப்புச் செல்கள் விழித்தெழும். கூடவே இரத்த நாளங்களும் கசியத் தொடங்கிவிடும். அதனால்தான் ஆன்டிபாடியின் முதுகில் ஏற்றி, கட்டி இருக்கும் இடத்துக்கு அனுப்பும் இந்த ஏற்பாடு. நான்கு சங்கிலிகளையும் சரியாக மடித்துக் கோத்து, மனித உடல் ஏற்கும் வகையில் சர்க்கரையும் ஒட்டித் தர பாக்டீரியாவால் ஆகாது. எனவே ‘சோ’ செல்கள். 1957இல் தியோடர் பக் ஒரு சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து பிரித்தெடுத்த செல்களின் வாரிசுகள் இவை. அந்த வெள்ளெலிக்குத் தெரியாது, இத்தனை பேருக்குச் சோறு போடப்போகிறோம் என்று.

பன்னிரண்டாம் நாள் அறுவடை செய்ய வேண்டிய பயோரியாக்டரை (செல்களை வளர்க்கும் கலன்) நான் பதினான்காம் நாள் வரை ஓடவிட்டேன். உயிருள்ள செல்கள் நூற்றுக்கு அறுபதாகக் குறைந்திருந்தன. புரத அளவோ ஏறிக்கொண்டே இருந்தது. யாருக்குத்தான் நிறுத்த மனம் வரும்?

மறுநாள், புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் சாயத்தைக் கழுவக் கழுவக் கோடுகள் தெளிந்தன. சங்கிலிகளைப் பிரித்து ஓட்டினால் 65 கிலோடால்டனில் (மூலக்கூறு எடையின் அலகு) வால் வைத்த கனச் சங்கிலி, 25இல் இலேசான சங்கிலி, இரண்டுதான் தெரிய வேண்டும். எனக்கு 50இலும் ஒரு கோடு வந்தது. மாதிரியை ஏற்றியதில் தவறு என்று நினைத்து மீண்டும் ஓட்டினேன். அதே இடம், அதே கோடு.

மூத்த சக ஊழியர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அளவை எதில் பார்த்தீர்கள்?”

“புரோட்டீன் ஏ-யில்.” ஆன்டிபாடியைப் பிடித்து அளக்க உதவும் புரதம் அது.

“அது உடம்பைத்தானே பிடிக்கும்? வால் இருக்கிறதா என்று அதற்கு என்ன தெரியும்?”

செத்த செல்கள் உடைந்து கொட்டிய நொதிகள், இணைப்பு இடத்தில் வாலை வெட்டியிருந்தன. வெட்டுப்பட்ட மூலக்கூறு புரோட்டீன் ஏ-யில் ஒட்டும், கணக்கில் ஏறும், கட்டியையும் போய்ப் பிடிக்கும். முழு மூலக்கூறு உட்கார வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும். மருந்தாக எதையும் செய்யாது. நான் இரண்டு நாள் காத்திருந்து சேர்த்த கூடுதல் கிராம்களில் கணிசமான பங்கு இந்த மொட்டை வால்தான்.

அடுத்த முறை, செல்கள் சீக்கிரம் சாகாமலிருக்க, ஐந்தாம் நாளே வெப்பநிலையை 37இலிருந்து 33 டிகிரிக்கு இறக்கினோம். உயிருள்ள செல்கள் நூற்றுக்கு எண்பதுக்குக் கீழே போகும் முன் அறுவடை செய்தோம். நொதிகள் எளிதில் வெட்டாதபடி, கனச் சங்கிலியின் கடைசி அமினோ அமிலமான லைசினை அலனைனாக மாற்றிய புதிய செல்வரிசையும் பிறகு வந்தது. 50இல் கோட்டைத் தேடத்தான் வேண்டியிருந்தது. விளைச்சல் குறைந்ததற்குக் கூட்டத்தில் நான் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது, அது வேறு கதை.

எங்கள் அறிக்கைப் படிவத்தில் முதல் கட்டம் இன்றும் லிட்டருக்கு எத்தனை கிராம் என்பதுதான். ஜெல் படம் கடைசிப் பக்கத்தில், பின்னிணைப்பாக.