பத்துக்கு எத்தனை?

வாதக் கிளினிக்கில் மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன் நோயாளியிடம் நாங்கள் ஒரு எண் கேட்போம். "எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா, இந்தக் கிழமை உங்க மூட்டு வருத்தம் எவ்வளவு? ஒன்றுமே இல்லையென்றா பூச்சியம், இதைவிட மோசம் இல்லையென்றா பத்து." இலங்கை மலையகத்தில் தாதியாக வேலை செய்யும் எனக்கு அதிகம் கிடைக்கும் பதில், "ஒரு அஞ்சு போடுங்க மிஸ்ஸி."

அந்த அஞ்சை அப்படியே எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடலாம். வெளியே வாங்கு நிறைய ஆட்கள். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்தவர்கள். ஆனால் அந்த எண் எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரிந்தவர்களுக்கு அப்படி எழுத மனம் வராது.

முடக்கு வாதம் எவ்வளவு கடுமை என்று அளக்க நாங்கள் போடும் சி.டி.ஏ.ஐ. கணக்கு எளிது. 28 மூட்டுகளில் அழுத்தினால் நோவது எத்தனை, வீங்கியிருப்பது எத்தனை, நோயாளி சொல்லும் எண், வைத்தியர் போடும் எண், நான்கையும் கூட்ட வேண்டும். இரத்த ரிப்போர்ட் வராத நாளிலும் போடலாம், எங்களுக்கு அது பெரிய வசதி. கூட்டுத்தொகை 10 வரை என்றால் நோய் குறைவு, 22 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. இப்போது ஒருவருக்கு நோகும் மூட்டு 2, வீங்கியது 1, வைத்தியர் போட்டது 2 என்று வையுங்கள். அவர் 3 என்று சொன்னால் மொத்தம் 8, இருக்கும் மருந்தே தொடரும். 7 என்று சொன்னால் 12, முடக்கு வாத மருந்தான மெத்தோட்ரெக்சேட்டைக் கூட்டலாமா என்ற பேச்சு வரும். ஒரே கை, ஒரே மூட்டு. வாயில் வரும் எண்தான் வேறு.

அஞ்சு என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. கூடச் சொன்னால் மாத்திரையைக் கூட்டிவிடுவார்கள் என்ற பயம், குறைத்துச் சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்ற பயம், நடுவில் நின்றால் யாருக்கும் தொந்தரவு இல்லை. வலியோடு வேலைக்குப் போய்ப் பழகியவர்களிடம் அதை எண்ணாகச் சொல்லச் சொன்னால் வேறென்ன வரும்?

அதனால் நான் முதலில் வேலையைக் கேட்கிறேன். காலையில் ரொட்டிக்கு மாவு பிசைய முடியுதா, எத்தனை மணிக்குக் கை இளகுது, காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்குப் போகும்போதே விரல் மடங்குதா. அப்புறம் தராசு. கொழுந்து பறிக்கும் அம்மாமார் நேற்று எத்தனை கிலோ நிறுத்தார்கள் என்பதை ஒருபோதும் மறப்பதில்லை. பறித்த அளவு போதவில்லையென்றால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், எப்படி மறக்கும்? ஒரு அக்கா வழக்கம்போல அஞ்சு என்றவர், கொழுந்து ஒடிக்கும் விதத்தை மேசைமேல் செய்து காட்டினார். கட்டைவிரல் பாதி வழியில் நின்றுவிட்டது. "இப்போ இடது கையாலதான் கூடப் பறிக்கிறேன். போன மாசத்தைவிட தராசுல பாதிதான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ எட்டுப் போடுங்க" என்றார். நான் எட்டையும் எழுதினேன், அதன் கீழே அவர் சொன்னதையும் எழுதினேன்.

இந்த வேலைக்கு முறையான கேள்வித்தாள்களும் உண்டு. அன்றாட வேலைகளைச் செய்ய முடிகிறதா என்று கேட்கும், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1980இல் வெளியான எச்.ஏ.கியூ. அதில் பெயர்பெற்றது. நல்ல தாள்தான். ஆனால் குளியல் தொட்டியில் குளிப்பது, கார்க் கதவைத் திறப்பது என்று போகும் கேள்விகளுக்குத் தோட்டத்து லயன் வீடுகளில் என்ன பதில்? சமதரையில் நடக்க முடிகிறதா என்றும் கேட்கிறது. எங்கள் ஆட்களுக்குச் சமதரை எங்கே இருக்கிறது? இந்தியாவில் அதைச் சுருக்கி 12 கேள்விகளாக்கி, குந்துவதையும் சம்மணமிடுவதையும் சேர்த்தார்கள். அது நமக்குக் கிட்ட வருகிறது.

எண் பெரிதாக இருந்தால் உடனே மருந்து கூட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. வீக்கமே இல்லாமல் ஒன்பது சொல்பவர்கள் இருக்கிறார்கள். பழைய தேய்மானம், தூக்கமின்மை, வீட்டுக் கவலை எல்லாம் அந்த ஒன்பதுக்குள் இருக்கும். மெத்தோட்ரெக்சேட் அதைக் குறைக்காது. ஆனாலும் அந்த ஒன்பதுக்கு யாராவது உட்கார்ந்து காது கொடுக்க வேண்டும். ஒருவருடைய ஒன்பதை இன்னொருவருடைய நாலோடு ஒப்பிடுவதிலும் அர்த்தமில்லை. அவருடைய போன மாத எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

எனக்கு அதிகம் உறுத்துவது பாதம். அந்த 28 மூட்டுகளில் தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல், முழங்கால் எல்லாம் உண்டு. கணுக்காலும் கால்விரலும் இல்லை, கழுத்தும் இல்லை. நாள் முழுக்கச் சரிவில் கால் ஊன்றி நின்று, தலையில் கயிறு மாட்டிக் கொழுந்து சுமப்பவர்களுக்கு இது பெரிய ஓட்டை. கைகள் நன்றாக இருக்கும், வைத்தியரின் எண் ஒன்று, நோயாளியின் எண் ஏழு. அப்படி வரும்போது சிங்களம் பேசும் எங்கள் வைத்தியரிடம் எண்ணோடு, "மலை இறங்கும்போது முன்பாதம் குத்துதாம்" என்பதையும் சேர்த்துச் சொல்வேன். ஒருமுறை அவர் செருப்பைக் கழற்றச் சொல்லி விரல்களின் அடியைப் பக்கவாட்டில் அழுத்தினார். அந்த அம்மா காலை இழுத்துக்கொண்டார். இரண்டு பாதத்திலும் வீக்கம் இருந்தது. அன்றைக்கே மருந்து மாறியது.