தொப்பூர் இறக்கத்தில் 800-ம் டிசையரும்

எங்கள் வீட்டில் இரண்டு கார் நிற்கிறது. ஒன்று அப்பா வாங்கிய 1997 மாடல் மாருதி 800, இன்னொன்று தம்பி எடுத்த புது டிசையர். எங்கள் ஊர் கிருஷ்ணகிரி, 800-க்கு மட்டும் ஏன் தருமபுரியின் டிஎன் 29 நம்பர் என்று கேட்பவர்களுக்கு: 2004-ல் தனி மாவட்டம் ஆகும்வரை நாங்களும் தருமபுரிதான். சொந்தக்காரர்கள் வந்தால் போதும், எது நல்ல வண்டி என்று பஞ்சாயத்து ஆரம்பித்துவிடும். எந்த ரோட்டில் என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்லவே முடியாது என்பது என் கட்சி.

காகிதத்தில் போட்டியே இல்லை. 800-ல் 796 சிசி, 40-க்கும் குறைவான குதிரைத்திறன், நாலு கியர், எடை 650 கிலோ சுமார். டிசையரில் 1197 சிசி, குதிரைத்திறன் 80-க்குக் கொஞ்சம் மேலே. வேடிக்கை என்னவென்றால் இரண்டுமே மூன்று சிலிண்டர் என்ஜின்தான், ஆனால் சத்தத்தைக் கேட்டால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.

மார்கழிக் காலையில் 800-ஐ எழுப்புவதே தனி வேலை. சோக்கை, அதாவது குளிர்ந்த என்ஜினுக்குப் பெட்ரோலைக் கூடுதலாக விடும் கைப்பிடியை, முழுசாக இழுக்கணும், ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் சாவியைத் திருப்பணும். பிடித்தவுடன் என்ஜின் காட்டுக்கத்தல் கத்தும், அந்தக் கத்தல் சற்று சீரானதும் சோக்கைப் பாதி உள்ளே தள்ளணும், அவசரப்பட்டுத் தள்ளினால் இருமிவிட்டு நின்றுபோகும், தள்ள மறந்து அப்படியே ஓட்டினால் பின்னால் கரும்புகையும் உள்ளே பெட்ரோல் வாடையும்தான். தம்பிக்கு இதற்கெல்லாம் பொறுமை கிடையாது. பட்டனை அமுக்குவான், போய்விடுவான்.

சேலம் போகும்போதுதான் நிஜமான வித்தியாசம் தெரியும். தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே வரும் தொப்பூர் மலை இறக்கம் எப்படிப்பட்டது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிவிட்ட லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிறவர்கள் மேல் ஏறிய கதை ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. 800-ஐ மூன்றாவது கியரில் போட்டு இறக்கினால் என்ஜினே இழுத்துப் பிடிக்கும், கொஞ்சம் வேகம் கூடினாலும் டாஷ்போர்டு, கதவு, கண்ணாடி எல்லாம் ஆடி நம்மிடம் புகார் சொல்லிவிடும். டிசையரில் கண்ணாடியை ஏற்றி ஏசியும் பாட்டும் போட்டுவிட்டால் 90-ல் போவது 50 மாதிரி இருக்கிறது. அதுதான் எனக்குப் பயம். தம்பியுடையது ஏஎம்டி, தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டி, அதனால் இறக்கம் ஆரம்பிக்கும்போதே "மேனுவல்ல போட்டு எறக்குடா" என்று பக்கத்தில் உட்கார்ந்து நச்சரித்துக்கொண்டே வருவேன். திரும்பி ஏறும்போது நிலைமை தலைகீழ். 800-ல் ஏசியை அணைத்தால்தான் ஏறும், டிசையர் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

ஆனாலும் குடும்பத்தோடு நாலுவழிச் சாலை என்றால் டிசையர்தான், பேச்சுக்கே இடமில்லை. எங்கள் மாமா ஒருத்தர் "அந்தக் காலத்துத் தகடு, கெட்டி" என்பார். முட்டினால் முன்பகுதி மடங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அந்த அடி உள்ளே இருக்கிறவர்களுக்குத்தான் என்று சொன்னால் அவர் காதில் ஏறாது. 800-க்குப் பின்னால் வந்த ஆல்டோ 800-க்கே, ஏர்பேக் இல்லாத மாடலுக்கு, கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் குளோபல் என்கேப் அமைப்பின் 2014 சோதனையில் கிடைத்தது பூஜ்யம். 2024 டிசையருக்கு அதே அமைப்பு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறது, ஆறு ஏர்பேக் எல்லா மாடலிலும் வருகிறது. இதற்கு மேல் என்ன வாதம்?

சந்தூர் பக்கம் தோட்டத்துக்குப் போகணும் என்றால் நான் எடுப்பது 800-ஐத்தான். மாங்காய் சீசனில் பின்சீட்டை மடக்கிவிட்டுப் பின்கதவைத் தூக்கினால் மாங்காய்ப் பெட்டி நேராக உள்ளே போகும். டிசையர் டிக்கி 382 லிட்டர், உள்ளே இடம் தாராளம், ஆனால் வாய் சின்னது, அதே பெட்டியைச் சாய்த்து, திருப்பி, பெயின்டில் உரசாமல் நுழைப்பதற்குள் தம்பி முகம் போகிற போக்கைப் பார்க்கணும். அப்புறம் பெயின்ட் அடிக்காத வேகத்தடை. தரையிலிருந்து வண்டி அடிப்பாகத்தின் உயரம் 800-க்கு 170 மில்லிமீட்டர், டிசையருக்கு 163, அதோடு டிசையர் நீளமும் அதிகம். பழையபேட்டைச் சந்துகளில் எதிரே ஒரு ஆட்டோ வந்துவிட்டால் அந்த நீளத்தின் அருமை புரியும். மைலேஜில் மட்டும் பழசு தோற்றது, என் கையில் 800 கொடுப்பது 16, 17, புதுசு 20-க்குக் குறைவதில்லை.

இதைப் படித்துவிட்டு 800 தேடக் கிளம்புகிறவர்களுக்கு ஒன்று. என்ஜின் சத்தத்தைக் கேட்டு மயங்காதீர்கள், என்ஜின் வேலை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். கால் வைக்கும் இடத்தில் கால்மிதியைத் தூக்கி, துருப்பிடித்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், பேட்டரிக்கு அடியிலும் பாருங்கள். தகடு உள்ளே போனால் விலை பேசாமல் வந்துவிடுங்கள். தகடு நன்றாக இருந்தால் அடுத்து ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று, எந்தத் தேதிவரை என்று பாருங்கள், பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்கு டியூனிங் போடத் தெரிந்த ஆள் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். எங்களுக்குப் பார்க்கிற மெக்கானிக்குக்கு வயசு அறுபது தாண்டிவிட்டது, பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள ஒரு பையனும் வரவில்லை.