டாலரையும் அடிக்கோணுமுங்களா?

ஜூன் 3, 2025, செவ்வாய். கொழிஞ்சாம்பாறை

லினக்ஸ் இயங்குதள வழிகாட்டியின் தமிழாக்கத்தில் மூன்றாம் அத்தியாயம் முடிந்தது. சரிபார்க்கப் பக்கத்து வீட்டுப் பையனை உட்கார வைத்தேன். பத்தாவது, தமிழ் மீடியம். கேரளத்துப் பள்ளிகளில் லினக்ஸ்தான் என்பதால் கட்டளை அடிக்கும் டெர்மினல் திரையைக் கண்டு மிரள மாட்டான். நான் எழுதியதை அப்படியே அடித்தான், வரி முன்னால் இருந்த $ குறியோடு. அப்படியொரு கட்டளை இல்லை என்றது கணினி.

"அக்கா, டாலரையும் அடிக்கோணுமுங்களா?"

கட்டளையை வாங்கிச் செய்கிற ஷெல் நிரல் நம் உத்தரவுக்குக் காத்திருக்கையில் தானே போட்டுக்கொள்ளும் குறி அது. சாதாரணப் பயனருக்கு $, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனருக்கு #. கையேடுகளின் தொடக்கத்தில் 'குறியீட்டு மரபுகள்' என்று ஒரு பக்கம் இதையெல்லாம் சொல்லும். அதை யாரும் படித்து நான் பார்த்ததில்லை. நானும்தான்.

ஜூன் 4, புதன்

$ பரவாயில்லை, வாய்விட்டுத் திட்டுகிறது. # ஊமைக்குசும்பு. வரித் தொடக்கத்தில் அதை அடித்தால் மீதியெல்லாம் வெறும் குறிப்பு என்று ஷெல் விட்டுவிடும். பிழைச் செய்தியும் வராது. வேலை முடிந்ததென்று பையன் அடுத்த வரிக்குப் போய்விட்டான். இரண்டு குறிகளையும் எல்லா அத்தியாயத்திலிருந்தும் எடுத்தேன். 'ரூட்டாக இருந்து அடிக்கவும்' என்று வார்த்தையிலேயே எழுதியாயிற்று.

ஜூன் 7, சனி

இன்று சாய்வெழுத்தோடு மல்லுக்கட்டு. யூனிக்ஸ் கையேட்டுப் பக்கங்களில் தடித்த எழுத்தில் இருப்பதை அப்படியே அடிக்க வேண்டும். சாய்ந்திருப்பதற்குப் பதில் நம்முடையதைப் போட வேண்டும். சதுர அடைப்புக்குள் இருந்தால் விருப்பம்போல் விடலாம். தமிழுக்குச் சாய்வு மரபே கிடையாது. சாய்த்துப் பார்த்தேன், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் மாட்டிய தென்னை மாதிரி நின்றது, அவ்வளவுதான்.

சரி, < > குறிகளுக்குள் மாற்ற வேண்டியதைப் போடலாம் என்றால் அது இன்னும் ஆபத்து. ஷெல்லுக்கு < என்றால் அடுத்த பெயருள்ள கோப்பிலிருந்து வாங்கு, > என்றால் அடுத்த பெயருள்ள கோப்பில் கொட்டு. முதல் கோப்பு நிஜமாகவே இருந்து, இரண்டாவதில் ஏதாவது எழுதி வைத்திருந்தால் எழுதியது போயே போச்சு.

ஜூன் 9, திங்கள்

வேர்ட் புராசசர் கட்டளைகளில் வரும் -- இரட்டைக் கோடுகளையெல்லாம் ஒரே நீளக் கோடாக்கி வைத்திருக்கிறது. மேற்கோள் குறிகளையும் சுருட்டிவிட்டது. கட்டளை ஒன்றும் ஓடவில்லை. பகல் பூரா இதற்கே சரி.

ஜூன் 12, வியாழன்

தாத்தாவின் தோப்புக் கணக்கு நோட்டு கையில் சிக்கியது. ௷ வரவு, ௶ பற்று, பக்கத்துக்குப் பத்து ௸ மேற்படி. ஒரு விளக்கமும் இல்லை. எழுதியவரும் படித்தவரும் ஒரே ஆள்.

அதைப் புரட்டும்போதுதான் உறைத்தது. கட்டளை ஆங்கில எழுத்தில்தானே இருக்கிறது? மாற்ற வேண்டியதைத் தமிழில் எழுதினால் சாய்வு செய்கிற வேலையை லிபியே செய்துவிடும். ராத்திரி பதினொன்று வரை திருத்தினேன்.

ஜூன் 14, சனி

பையன் வந்தான். கோப்புறை உண்டாக்கும் கட்டளையை அடித்தான். நின்றான். கீபோர்டைத் தமிழுக்கு மாற்றினான்.

லினக்ஸ் தமிழ்ப் பெயரை மறுக்காது. 'உங்கள்-கோப்புறையின்-பெயர்' என்ற கோப்புறை இப்போது என் கணினியில் இருக்கிறது.

"சரியாப் போச்சுங்களா அக்கா?"