கவிழ்த்தாலும் விழாத ஜாம்

கொடைக்கானலில் கண்காட்சி என்றதும் பிரையண்ட் பூங்காவில் மே மாதம் நடக்கும் மலர்க் கண்காட்சிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். நான் பொருள் கொண்டுபோனது அதற்கல்ல. சீசன் கூட்டம் ஓய்கிற நேரத்தில், எங்கள் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு நடத்தும் சின்னக் கண்காட்சிக்கு. வீட்டில் செய்த ஜாம், ஊறுகாய், தோட்டத்தில் விளைந்தவை, கைப்பின்னல் என்று சில பிரிவுகள். போட்டியில் சேர ஒரு பிரிவுக்கு 20 ரூபாய். முதல் வருடம் மூன்று பிரிவுகளில் பெயர் கொடுத்தேன். மூன்றிலும் வெறுங்கையோடு திரும்பினேன்.

அதிகம் வலித்தது ஜாம்தான். எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பிளம்ஸ் மரம் இருக்கிறது. காய்க்கிற வருடத்தில் தெருவுக்கே கொடுத்தாலும் தீராது. நான் மதுரையில் பிறந்தவள். திருமணத்துக்கு முன்பு அங்கே பழப் பதப்படுத்தும் பயிற்சி ஒன்றுக்குப் போயிருக்கிறேன். அந்தக் குறிப்பேட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தேன்: ஜாம் 105 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்க வேண்டும். தெர்மாமீட்டரைச் சட்டிக்குள் விட்டுக்கொண்டு அடுப்படியிலேயே நின்றேன். 98 வந்தது. 100 வந்தது. அதன் பிறகு முள் நகர மறுத்தது. நிறம் கறுத்துக்கொண்டே போனது, அடிபிடிக்கிற வாசனையும் வந்தது. ஆனாலும் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறதே என்று 105 வரும்வரை கிண்டினேன்.

பந்தலில் நடுவராக வந்த அம்மாள் என் பாட்டிலைத் திறந்து கரண்டியை உள்ளே விட்டார். கரண்டி நின்றது. அவர் கையை எடுத்த பிறகும் நின்றது. பாட்டிலைத் தட்டின் மேல் கவிழ்த்துப் பார்த்தார், ஒன்றும் விழவில்லை. ஒரு வார்த்தையும் சொல்லாமல் அடுத்த பாட்டிலுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் புலம்பினேன். இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர். "ஏம்மா, இங்கே குக்கர் இல்லாமல் பருப்பே வேகாது. கீழே எழுதின கணக்கு இங்கே எப்படிப் பொருந்தும்?" என்றார். பத்து வருடமாக அந்தப் பருப்போடு போராடிக்கொண்டிருப்பவள் நான், எனக்குத் தோன்றவில்லை!

விஷயம் இதுதான். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது, தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் குறைகிறது. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். ஜாம் பதம் என்பது தண்ணீர் கொதிக்கும் நிலையைவிட நான்கைந்து டிகிரி மேலே. மதுரையில் அது 105 என்றால் எங்கள் அடுப்பில் 97, 98 தான். அதைத் தாண்டி 105 வரை விட்டால் தண்ணீரெல்லாம் வற்றிச் சர்க்கரைப் பாகுதான் மிஞ்சும். நான் செய்தது ஜாமே இல்லை. அதிரசத்துக்கு எடுக்கிற உருட்டுப் பதம். அந்த இரண்டு பாட்டிலையும் வெந்நீரில் கரைத்துக் கரைத்து ஆடி மாதம் வரை சர்பத் குடித்தோம்.

அடுத்த வருடம் தெர்மாமீட்டரில் பாதி நம்பிக்கையும் தட்டில் பாதி நம்பிக்கையும் வைத்தேன். எவர்சில்வர் தட்டைக் கொல்லைப் படியில் வைத்தால் போதும், எங்கள் ஊர்க் குளிரில் அதுவே சில்லிட்டுவிடும். அதில் ஒரு சொட்டு ஜாம் விட்டு, ஆறியதும் விரலால் தள்ள வேண்டும். மேலே தோல் போலச் சுருங்கினால் இறக்கிவிடலாம். ஓடினால் இன்னும் இரண்டு நிமிடம். பழத்தையும் மாற்றினேன். முன்பு நன்றாகக் கனிந்ததை மட்டும் போட்டேன். கனிந்த பழத்தில் ஜாமை இறுக்கும் பெக்டின் குறைந்துவிடும். இந்த முறை நான்கில் ஒரு பங்கு செங்காயாகப் போட்டதில் புளிப்பும் நிறமும்கூடக் கூடின.

இறக்கியதும் நுரையை வழித்துவிட்டு ஐந்து நிமிடம் விட்டுத்தான் பாட்டிலில் ஊற்ற வேண்டும். உடனே ஊற்றினால் பழத்தோல் எல்லாம் மேலே மிதந்து, கீழே வெறும் பாகு தெரியும். வீட்டில் சாப்பிட இதெல்லாம் யாருக்கு வேண்டும்? ஆனால் நடுவர் பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பார்க்கிறார்.

பாட்டில் விஷயத்திலும் முதல் வருடம் சறுக்கினேன். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுபோயிருந்தேன், அதுவும் என் பெயரை அழகாக எழுதி ஒட்டி. விதித்தாளில் இரண்டுமே கூடாது என்று இருக்கிறது: கண்ணாடியிலோ மூடியிலோ நிறுவனத்தின் பெயர் கூடாது, பழத்தின் பெயரும் செய்த தேதியும் தவிர வேறு எதுவும் எழுதக் கூடாது. தாளின் பின்பக்கத்தில் இருந்ததால் நான் படிக்கவே இல்லை. அடுத்த முறை வத்தலக்குண்டில் இறங்கி வெற்றுக் கண்ணாடிப் பாட்டில் ஆறு வாங்கி, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் மலை ஏறினேன். பாட்டிலைக் கொதிநீரில் போடும்போதும் நேரத்தைக் கூட்டினேன். 93 டிகிரியில் கொதிக்கிற தண்ணீருக்கு அந்த அளவுக்கு வேலை அதிகம்.

பூண்டுக் கதை வேறு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு எங்கள் பக்கம் பூண்டு என்றாலே தனிப் பெருமை. கொல்லையில் இரண்டு பாத்தி போட்டிருந்தேன். ஐந்து பூண்டு வைக்க வேண்டும் என்றதும் இருப்பதிலேயே பெரிய ஐந்தைப் பொறுக்கி, மண் போகட்டும் என்று கழுவியும் வைத்தேன். கழுவியிருக்கவே கூடாது. ஈரத்தில் தோல் கறைபட்டு உரிந்துவிட்டது. பரிசு வாங்கிய தட்டில் இருந்தவை என்னுடையதைவிடச் சிறியவை. ஆனால் ஐந்தும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்போல இருந்தன: ஒரே உருவம், ஒரே நீளத்தில் வெட்டிய தண்டு, ஒட்ட நறுக்கிய வேர், ஒரே ஒரு அழுக்குத் தோல் மட்டும் உரித்தது. அளவைவிட ஒற்றுமைக்குத்தான் மதிப்பெண்.

இரண்டாம் வருடம் தராசில் நிறுத்து ஐந்தைத் தேர்ந்தெடுத்தேன். அப்போதும் கிடைக்கவில்லை. அடுப்புக்கு மேலே கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருந்த பூண்டு அது. புகை பட்டு மேல்தோல் பழுப்பேறியிருந்தது. "நிறம் மங்கல்" என்று சீட்டில் எழுதியிருந்தார்கள். இதில் எனக்கு இன்றுவரை மனக்குறை உண்டு. மலைப்பூண்டைப் புகையில் தொங்கவிட்டுக் காப்பதுதான் இங்குள்ள வழக்கம். பூம்பாறைப் பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். நிறத்துக்கு மதிப்பெண் வைக்கிறவர்கள் புகையில் காத்த பூண்டுக்கும் ஒரு பிரிவு வைக்கட்டும்.

ஸ்வெட்டர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நினைத்தாலே கூசுகிறது. குழந்தைக்கான ஸ்வெட்டர், முன்பக்கத்தில் மான் உருவம், இரண்டு மாத வேலை. நடுவர் மானைப் பார்க்கவே இல்லை. சட்டென்று உள்பக்கத்தைத் திருப்பினார். நிறம் மாறுகிற இடமெல்லாம் முடிச்சும் நூல் நுனியும். பிறகு முகர்ந்தார். அந்துருண்டை வாசனை. போதாததற்கு எங்கள் நாயின் முடி ஒன்று. அதன் பிறகு நான் பின்னல் பிரிவுப் பக்கமே போகவில்லை.

இரண்டாம் முறை பிளம்ஸ் ஜாமுக்கு இரண்டாம் பரிசு. ஓர் எவர்சில்வர் தூக்கும் ஒரு சான்றிதழும். முதல் பரிசு ஒரு பாட்டியின் மரத்தக்காளி ஜாமுக்கு. நடுவர்கள் போன பிறகு ஒரு கரண்டி கேட்டு வாங்கிச் சுவைத்தேன். நியாயமான தீர்ப்புதான், விதை ஒன்றுகூடப் பல்லில் படவில்லை, தித்திப்புக்கு முன்னால் புளிப்பு வந்து நின்றது.

"எத்தனை டிகிரியில் இறக்கினீர்கள் பாட்டி?" என்று கேட்டேன்.

"டிகிரியா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கரண்டியைத் தூக்கினால் இரண்டு சொட்டும் ஒன்றாகச் சேர்ந்து விழும். அப்போது இறக்க வேண்டியதுதான்."