முட்டி வலின்னு வந்தா இடுப்பையும் பாருங்க

பிசியோதெரபி ஓபியில உக்காந்தா முட்டி வலிதான் ஜாஸ்தி வரும், கையில முட்டி எக்ஸ்ரே கவரும் இருக்கும். அந்த எக்ஸ்ரேல சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல, ஆனா ஆள் சாஞ்சு சாஞ்சு நடக்கறாருன்னா நான் நேரா இடுப்பு மூட்டுக்குப் போயிருவேன். அப்ட்யூரேட்டர் நரம்பு ரெண்டு மூட்டுக்கும் கிளை குடுக்குது, அதான் மேல கெட்டா கீழயும் வலிக்குது.

ஒரு லாரி டிரைவர் அண்ணன் வந்தாரு, நாப்பது வயசு இருக்கும், முட்டிக்கு தைலம், மாத்திரை, முட்டியில மாட்டற உறைன்னு எல்லாம் பாத்து முடிச்சிட்டாரு. "அண்ணே, சம்மணம் போட்டு உக்காருவீங்களா?"ன்னு கேட்டேன். "அதெல்லாம் விட்டுப்போச்சு சார், கோயில் அன்னதானத்துல கூட சேர் கேட்டு வாங்கித்தான் சாப்பிடறேன்"னாரு. நம்மூர்ல இந்த ஒரு கேள்வியே பாதி டெஸ்ட். மல்லாக்க படுக்க வச்சு, இடுப்பையும் முட்டியையும் 90 டிகிரி மடக்கி, பாதத்தை மெதுவா வெளிப்பக்கம் தள்ளினேன். பாதம் வெளிய போனா தொடை எலும்பு உள்பக்கம் உருளுது, ஸ்டூடன்ட்ஸ் இதைத்தான் தலைகீழா எழுதி வைப்பாங்க. நல்ல கால் 35 டிகிரி கிட்ட போச்சு, வலிக்கற கால் கொஞ்சம் நகந்ததுமே நின்னுருச்சு, இடுப்பையே தூக்கிட்டாரு, கை தானா தொடை இடுக்குக்குப் போச்சு. தேய்மானமோ, ரத்த ஓட்டம் நின்னு பந்து எலும்பு செத்துப்போற ஏவிஎன்னோ, உள்பக்கம் திரும்பறதுதான் பெரும்பாலும் முதல்ல அடிவாங்கும். ஆர்த்தோவுக்கு எழுதி அனுப்பினேன், எம்ஆர்ஐல ஏவிஎன்தான். குடிப்பழக்கம் இருந்துச்சு, அதுவும் ஸ்டீராய்டும் இதுக்குப் பெரிய காரணங்கள்.

தாமஸ் டெஸ்ட் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 19ஆம் நூற்றாண்டுல லிவர்பூல்ல இருந்த எலும்பு டாக்டர் ஹியூ ஓவன் தாமஸ் சொன்னது, நல்ல காலை நெஞ்சு வரைக்கும் மடக்கி முதுகை பெட்டோட ஒட்ட வச்சா, நீட்டி வச்சிருந்த இன்னொரு தொடை மெல்ல மேல எழும்பும், முதுகு வளைஞ்சு இவ்ளோ நாளா மறைச்சு வச்சிருந்த, நீட்ட முடியாத இடுப்பு மடக்கம் வெளிய வந்துரும். முதுகுக்கு அடியில கை வச்சுப் பாக்கலைன்னா செஞ்சு பிரயோஜனமே இல்ல.

1895ல ஜெர்மன் சர்ஜன் டிரெண்டலென்பர்க் சொன்ன டெஸ்ட்டும் அப்படித்தான், ஒத்தைக் கால்ல நிக்கச் சொன்னா போதும்னு நினைச்சுக்கறாங்க. நிக்கற கால் பக்கம் குளூட்டியஸ் மீடியஸ்ங்கற இடுப்புப் பக்கவாட்டுத் தசை வீக்கா இருந்தா தூக்கின கால் பக்கம்தான் இடுப்பு இறங்கும், அது பாதி நேரம் கடைசியிலதான் தெரியும், அதனால 30 செகண்டாவது நிக்க விடணும், வலியினாலயும் இறங்கலாம்ங்கறதையும் மனசுல வச்சுக்கணும். சேலை கட்டியிருக்கற அம்மாக்கள்கிட்ட கண்ணால பாத்து ஒண்ணும் தெரியாது, நர்ஸக்காவை பக்கத்துல வச்சுக்கிட்டு, சொல்லிட்டு, ரெண்டு பக்கமும் இடுப்பு எலும்பு மேல கட்டை விரலை வச்சாதான் இறக்கம் கையில படும்.

ஸ்கூல் படிக்கற குண்டான பையன் முட்டி வலின்னு நொண்டிக்கிட்டு வந்தா மட்டும் எனக்கு திக்குங்கும். இடுப்பை மடக்கும்போது தொடை தானா வெளிப்பக்கம் திரும்புச்சுன்னா தொடை எலும்புத் தலைக்குக் கீழ இருக்கற வளர்ச்சித் தட்டு நழுவியிருக்கலாம், அதோட டெஸ்ட்டை நிறுத்திருவேன், திருப்பி திருப்பி மடக்கறதோ நடக்கவிடறதோ கூடாது, வீல்சேர்ல வச்சு அன்னைக்கே எக்ஸ்ரேக்கும் ஆர்த்தோவுக்கும் அனுப்பிருவேன்.